தியாகனூர்ப் புத்தரும் கூத்துக் கோமாளியும்

சேலத்திலிருந்து கிழக்கு நோக்கி உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், வாழப்பாடியையும் பெத்தநாயக்கன்பாளையத்தையும் கடந்தபின், வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் எல்லை கட்டி நிற்க, நடுவே வசிஷ்ட நதி பாயும் சமவெளியில் அமைந்திருக்கிறது ஆத்தூர். கிச்சிலிச் சம்பா அரிசிக்கும், மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து ஜவ்வரிசி திரட்டும் சேகோ ஆலைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், நதிக்கரையில் கெட்டி முதலிகள் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டையில் தொடங்கி, அதற்காக ஹைதர் அலியின் சேனையும் கும்பினியாரின் சேனையும் மோதியதை விவரித்து, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கோட்டைகளின் சரித்திரம் எழுதுவதற்குச் சுலபமானது. யார் வென்றார், யார் தோற்றார் என்று சொல்லிவிட்டால் போதும். ஜனங்கள் எதனால் சந்தோஷமாக இருந்தார்கள், எதைக் கேட்டுத் தலையாட்டினார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்குச் சரித்திரம் எழுதுவது அவ்வளவு சுலபமன்று. அந்தச் சரித்திரத்துக்கு வேண்டிய முதல் சாட்சி, ஆத்தூருக்குக் கிழக்கே வயல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது.

காய்கறிச் சந்தைக்குப் பிரசித்தமான தலைவாசலுக்கு அருகில் தியாகனூர் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே பத்மாசனம் இட்டு, மடியில் கைமேல் கை வைத்து, தியான நிலையில் அமர்ந்த புத்தர் சிலைகள் இரண்டு உண்டு, இரண்டும் பெரியவை, ஒன்று ஊருக்குள் சிறு கோயிலிலும், மற்றொன்று நெடுங்காலம் வயலுக்கு நடுவே வெயிலிலும் மழையிலும் இருந்து, பிறகு மண்டபத்துக்குள்ளும் இடம்பெற்றவை. விகாரம் இல்லை, பிக்ஷுக்கள் இல்லை, திரிபிடகம் ஓதுவார் இல்லை. ஆனாலும் ஊரார் மாலை சாத்துகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் பௌத்தம் அழிந்துவிட்டது என்று நம் சமய சரித்திர நூல்கள் ஏகோபித்துக் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழிந்தது சங்கமும் சாஸ்திரமுமே. ஊர் நடுவில் உட்கார்ந்திருந்த மனிதரை ஜனங்கள் எழுந்து போகச் சொல்லவில்லை.

சேலம் நகரத்திலேயே இதற்கு இன்னொரு திருஷ்டாந்தம் உண்டு. தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரால் வழிபடப்பட்டு வந்த ஒரு கற்சிலை புத்தருடையது என்று வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராய்ந்து சொல்லும்படி பணிக்க, சுருண்ட கேசமும் நீண்ட காதுகளும் தியான முத்திரையும் புத்தருக்குரிய மகாபுருஷ லட்சணங்களே என்று அத்துறை அறிக்கை தந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அது புத்தர் சிலையே என்றும், தொல்லியல் துறை அதைத் தன் வசம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூஜை முதலிய சடங்குகள் கூடாது என்றும் தீர்ப்பளித்தார். தீர்ப்பில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆயினும், துண்டாகிக் கிடந்த தலையை எடுத்து, சற்றே பிசகினாலும் பரவாயில்லை என்று மறுபடி உடலின்மேல் ஒட்டவைத்துக் கும்பிட்டவர்கள், அது யாருடைய தலை என்று அறியாத ஜனங்கள் என்பதையும் சரித்திரக்காரன் குறித்துக்கொள்ள வேண்டும். சுருட்டும் சாராயமும் கிடாய் வெட்டும் ஏற்கும் முனியப்பன்களின் வரிசையில், கொல்லாமையை உபதேசித்த ஒருவர் இத்தனை காலம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தது நமது நாட்டின் நல்ல ஹாஸ்யங்களுள் ஒன்று.

புத்தர் இந்தச் சமவெளிக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், பாதையைக் காட்டுவதே தக்க பதில். தியாகனூருக்குப் பக்கத்தில் உள்ள ஆறகளூர், வாணகோவரையர்கள் என்ற சிற்றரசர்கள் சோழப் பேரரசின் கடைசிக் காலத்தில் மகதை மண்டலத்தை ஆண்ட தலைநகரம். அங்கே கிடைத்த காதக்கல் ஒன்று, அவ்வூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சென்ற சாலையை மகதேசன் பெருவழி என்று குறிப்பிடுகிறது. கல்லின் காலம் பிந்தியதானாலும், பாதை அந்தக் கல்லோடு பிறந்திருக்க முடியாது. மலைப்பொருளும் தானியமும் துணியும் ஏற்றிய பொதிமாடுகள் இரண்டு மலைகளுக்கு நடுவே வேறு எவ்வழியாகத்தான் போயிருக்கும்? பௌத்தம் எங்கும் வணிகர்களின் பின்னால் நடந்து சென்ற மதம். காட்டு வழியில் திருடருக்கும் விலங்குக்கும் அஞ்சி இரவைக் கழித்த சாத்துக்காரர்களுக்கு, அஞ்சாமையைப் போதிக்கும் ஒரு முனிவர் வழித்துணையாக வேண்டியிருந்தார். பெருவழியின் மறுமுனையான காஞ்சியிலோ, ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்ரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்தபடி, 100-க்கு மேற்பட்ட விகாரங்களும் 10,000 பிக்ஷுக்களும் இருந்தனர்.

அந்த வணிகர்களுக்குப் புத்தர் சொன்னது என்ன? எல்லாம் துக்கம் என்று அவர் சொன்னதாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதைக் கேட்ட ஒரு நெல் வியாபாரி மறுநாள் கடை திறந்திருக்க மாட்டான். அங்குத்தர நிகாயத்தில், அனாதபிண்டிகன் என்னும் செட்டிக்கு அவர் சொன்ன வேறொரு உபதேசம் இருக்கிறது. இல்லறத்தானுக்குச் சுகங்கள் நான்கு என்கிறார்: நேர்மையாக உழைத்துத் தேடிய பொருள் தன்னிடம் இருக்கிறது என்ற சுகம், அதைத் தானும் அனுபவித்துத் தருமமும் செய்கிற சுகம், ஒருவருக்கும் கடன்படாத சுகம், தன் மனமும் சொல்லும் செயலும் பழுதற்றவை என்று எண்ணும் சுகம். முதல் மூன்றையும் சேர்த்தாலும் கடைசிச் சுகத்தின் 16-இல் ஒரு பங்குக்கு ஈடாகா என்றும் சொல்லி முடிக்கிறார். நிர்வாணத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை. கிழங்கு விலை ஏறினால் ஊரெல்லாம் திருவிழாவும், இறங்கினால் ஊரெல்லாம் வட்டிக் கணக்குமாக வாழ்கிற ஆத்தூர் வட்டாரத்துக் குடியானவர்களிடம், கடனில்லாமல் இருப்பது ஒரு சுகம் என்று எவரும் வியாக்கியானம் செய்து காட்ட வேண்டியதில்லை.

தமிழில் பௌத்தத்தின் மகா காவியத்தை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரும் தானிய வியாபாரியே. கூலவாணிகன் என்ற தொழிற்பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மணிமேகலை பசியைப் பற்றிய காவியம் என்பதற்கும் அதன் ஆசிரியர் நாள் முழுவதும் நெல்லை அளந்தவர் என்பதற்கும் சம்பந்தம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் காவியத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது கதாநாயகியின் துறவு அன்று, ஆபுத்திரனின் சிரிப்பு. தாயாலும் ஊராராலும் கைவிடப்பட்டு, மதுரையில் பிச்சை எடுத்து, எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சைப் பாத்திரத்தைத் தலைக்கு வைத்து உறங்கியவன் அவன். பிறகு சிந்தாதேவியின் அருளால் அட்சய பாத்திரம் ஒன்று கிடைத்து, அவனுடைய அன்னதானம் பெருகப் பெருக, தேவலோகத்தில் இந்திரனின் ஆசனம் ஆட்டங்கண்டு, அவன் கிழப் பிராமணனாக உருமாறி வந்து, உன் தானத்தின் பயனைத் தருகிறேன், வேண்டியதைக் கேள் என்கிறான்.

ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். உண்பாரும் உடுப்பாரும் சுகிப்பாரும் அல்லாமல், தருமம் செய்வாரும் பிறரைக் காப்பாரும் பற்றறுக்க முயல்வாரும் இல்லாத உன் ஊரில் எனக்கு என்ன வேலை, இந்தப் பசித்தவர்களின் முகம் மலர்வதைவிட அங்கே என்ன இருக்கிறது என்பது அவன் சிரிப்பின் பொருள். உலகத்துக் காவியங்களில் வரங்களை மறுத்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் கைகூப்பி மறுத்தார்கள், அல்லது கண்ணீர் விட்டு மறுத்தார்கள். வரம் கொடுக்க வந்த தேவராஜனை எதிரே நிறுத்திவைத்து வயிறு குலுங்கச் சிரித்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவனே. அதற்கு இந்திரன் பழி வாங்கிய விதம் இன்னும் விசித்திரமானது. சாபம் இடவில்லை, மழையைப் பெய்வித்தான். பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த நாடு விளைந்தது, பசித்தவர் இல்லாமற் போனார்கள், பாத்திரம் வீணாயிற்று. ஏழைகள் நிறைந்திருந்த அம்பலத்தில் சூதாடிகளும் வீண்பேச்சுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சுபிட்சத்தைத் தண்டனையாக எழுதிய கவிஞரின் குறும்பை என்னவென்று சொல்வது! 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமன்று. அந்த ஜில்லாவின் மண்ணில் நின்று படிக்கும்போது இந்தக் கதையின் சிரிப்பும் கசப்பும் சேர்ந்தே புலனாகின்றன.

இனிச் சங்கீதத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் பௌத்தம் இரண்டு மனம் உடையது. பிக்ஷுக்களும், உபோசத நாளில் எட்டுச் சீலம் காக்கும் இல்லறத்தாரும் ஆடல், பாடல், வாத்தியம், வேடிக்கை ஆகியவற்றிலிருந்து விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. மணிமேகலைக் காவியத்தில் மாதவி ஆடலை விட்டு விலகியதும், அவள் மகள் மணிமேகலை இந்திர விழாவில் ஆட வாராததும், அதனால் மாதவியின் தாய் சித்திராபதி கொதித்ததும் அந்த விதியின் நிழலிலேதான். ஆனால் புத்தரோ தம்முடைய நுட்பமான உபதேசம் ஒன்றுக்கு வீணையையே துணை கொண்டார். சோணன் என்ற பிக்ஷு, நடைபயின்று தியானிப்பதில் கால் புண்ணாகி ரத்தம் கசியும்வரை வருத்திக்கொண்டும் பலன் காணாமல், வீட்டுக்கே திரும்பிப்போய்த் தருமம் செய்துகொண்டு இருக்கலாமா என்று மனம் தளர்ந்திருந்தபோது, புத்தர் அவனிடம் வந்து, நீ வீட்டில் இருந்த நாளில் வீணை வாசிப்பதில் வல்லவனாய் இருந்தாய் அல்லவா, நரம்பை மிக முறுக்கினால் அது இசைக்குமா, மிகத் தளர்த்தினால் இசைக்குமா என்று கேட்டார். சாஸ்திரம் சொல்லாமல், அவன் விட்டுவந்த வித்தையைக் கொண்டே அவனைத் தேற்றினார். சுருதி சேர்க்கத் தெரிந்தவனுக்கு மத்திம மார்க்கத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம் போலும்.

இதைவிட ரஸமானது பஞ்சசிகன் என்னும் கந்தர்வனின் விருத்தாந்தம். தீக நிகாயத்தில் வருகிறது. குகையில் தியானத்தில் இருந்த புத்தரைக் காண விரும்பிய இந்திரன், நேரே போகத் துணியாமல், பஞ்சசிகனை முன்னால் அனுப்புகிறான். அவன் சற்றுத் தள்ளி நின்று, மஞ்சள் நிற வில்வ மரத்து வீணையை மீட்டிப் பாடுகிறான். புத்தர், தர்மம், அருகர்கள் எல்லாரும் அந்தப் பாட்டில் வருகிறார்கள்; ஆனால் பாட்டோ அவன் ஒரு கந்தர்வப் பெண்மீது கொண்ட காதலைப் பற்றியது! அருகர்கள் தர்மத்தை விரும்புவது போல நான் உன்னை விரும்புகிறேன் என்ற ரீதியில் அது செல்கிறது. நம்முடைய மடாதிபதிகளில் ஒருவர் முன்னிலையில் இப்படி ஒருவன் பாடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். புத்தர் கோபிக்கவில்லை. உன் நரம்பின் நாதமும் குரலின் நாதமும் ஒன்றையொன்று மீறாமல் நன்றாக இயைந்திருக்கின்றன என்று பாராட்டிவிட்டு, இந்தப் பாட்டை எப்பொழுது கட்டினாய் என்று விசாரிக்கிறார். நல்ல ரசிகன் கேட்கும் கேள்வி அது.

ஹாஸ்யத்தின் விஷயத்தில் கணக்குச் சற்றுக் கடினம். தாலபுடன் என்ற கூத்துத் தலைவன் ஒருவன் புத்தரிடம் வந்து, மெய்யும் பொய்யும் கலந்து ஆடி ஜனங்களைச் சிரிக்கவைக்கும் கூத்தன் இறந்தபின் சிரிக்கும் தேவர்களின் உலகத்தில் பிறப்பான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். வேண்டாம், இதைக் கேளாதே என்றார் புத்தர். மறுபடியும் கேட்டான், மறுபடியும் தடுத்தார். மூன்றாம் முறை, ஆசையும் துவேஷமும் மோகமும் ஏற்கெனவே கட்டியிருக்கும் ஜனங்களை அவன் மேலும் மயக்குவதால் நரகத்துக்கே போவான் என்றார். தாலபுடன் அழுதான். நரகம் என்று சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் ஏமாற்றப்பட்டிருந்தேனே என்று அழுகிறேன் என்றான். பிறகு அவன் துறவியாகிப் பாடிய நீண்ட பாட்டு தேரகாதையில் இருக்கிறது. தன் மனத்தை எதிரில் நிறுத்திவைத்து, நீ அல்லவா என்னை வீட்டைவிட்டு வரச்சொன்னாய், இப்பொழுது ஏன் பின்வாங்குகிறாய் என்று வசனம் பேசுகிறான். கூத்தனைத் துறவியாக்க முடிந்தது; துறவிக்குள் இருந்த கூத்தனை அகற்ற முடியவில்லை.

பெருவழியின் மறுமுனையில், பௌத்தர்கள் சிரிப்பை உபதேசிக்காவிட்டாலும் சிரிப்புக்கு விஷயமானார்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவில் நடக்கிறது. குடிகாரக் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தை இழந்துவிட்டு, அவ்வழியே வந்த நாகசேனன் என்னும் பிக்ஷுதான் திருடினான் என்று அவன் காஷாயத்தைப் பற்றி இழுக்கிறான். உண்மையில் கபாலத்தை, அதில் இருந்த மாமிசத்துக்காக, ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. நாகசேனனோ, இவ்வளவு நல்ல போஜனமும் படுக்கையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மாதரையும் விலக்கியிருப்பாரா, பொறாமை பிடித்த கிழத் தேரர்கள் அந்த ஏடுகளை ஒளித்துவைத்திருக்க வேண்டும் என்று தனக்குள் வருந்துகிறவன். பகவதஜ்ஜுகம் என்ற இன்னொரு பிரகசனத்தில் சாண்டில்யன் என்பவன் காலைச் சாப்பாட்டை நம்பிப் பௌத்தனாகி, அங்கே ஒரு பொழுதுதான் உணவு என்று அறிந்து ஓடி வந்தவன். மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் இவ்விரண்டு நாடகங்களின் பெயர்களும் இருக்கின்றன. அரசனே பரிகாசம் எழுதினான் என்பதிலிருந்து சிலர் பௌத்தத்தின் சீரழிவுக்கு நாள் குறிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காபாலிகனும் பாசுபதனும்கூட அதே நாடகத்தில் அதே அளவு அடி வாங்குகிறார்கள். ஊரார் நன்றாக அறிந்த ஆளைத்தான் மேடையேற்றிச் சிரிக்க முடியும்.

ஜாதகக் கதைகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு அன்னங்கள் கவ்விச் சென்ற கோலைப் பற்றிக்கொண்டு பறந்த ஆமை வாயைத் திறந்து விழுந்து செத்ததையும், குரங்கின் இருதயத்தை விரும்பிய முதலை ஏமாந்ததையும் ஆத்தூர்ப் பக்கத்துப் பாட்டிமார் சொல்லக் கேளாத குழந்தை இருந்திராது. பஞ்சதந்திரத்திலும் இவை உண்டு; ஆகவே எந்த வழியாக வந்தன என்று வழக்காடுவது வீண். போதிசத்துவர் தம் முற்பிறவிகளில் குரங்காகவும் முயலாகவும் காடையாகவும் பிறந்தார் என்று நம்பிய மதத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று சொல்வது பொருந்தாது என்பதே என் வாதம்.

சேலம், நாமக்கல் சமவெளியின் தெருக்கூத்துக்கு இனி வரலாம். அறுவடை முடிந்து, மாரியம்மன் பண்டிகை நெருங்கும் மாதங்களில், ஊர்ப் பொது இடத்தில் விளக்கை நட்டு, மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் முகவீணையும் முழங்க, இரவு தொடங்கி விடியும்வரை நடப்பது அது. திரையை விலக்கிக்கொண்டு முதலில் வருகிறவன் ராஜா அல்லன், கோமாளி. மற்ற இடங்களில் கட்டியங்காரன் என்பார்கள். ராஜா பாட்டிலே தன் பிரதாபத்தைச் சொல்ல, கோமாளி வசனத்திலே, நேற்று நீ யார் வீட்டில் கூழ் குடித்தாய் என்பது எனக்குத் தெரியும் என்று உடைத்துவிடுவான். ஊர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனமும், புதிதாக வந்த வரியும், சினிமா நடிகரின் கலியாணமும் பாரதக் கதைக்கு நடுவே வந்து போகும். கர்ண மோட்சத்தைச் சாவு நிகழ்ந்த வீட்டுக் கருமாதி இரவில் ஆடும் வழக்கமும் வடதமிழ்நாட்டில் உண்டு. துக்கம் விசாரிக்க வந்த பங்காளிகளும், தாலி அறுத்த பெண்ணும், சாயப் பொடி பூசிய ஒருவனின் பேச்சைக் கேட்டு ஒரு கணம் துக்கத்தை மறந்து சிரித்துவிட்டு, பிறகு கர்ணன் மார்பில் அம்பு பாயும்போது வாய்விட்டு அழுவார்கள். இறந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பியது நமக்குத் தெரியும். அவள் வீடு வீடாகச் சென்று கற்றதை, இங்கே ஊர் முழுவதும் ஒரே வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்கிறது.

கோமாளிக்கும் தாலபுடனுக்கும், கோமாளிக்கும் நாகசேனனுக்கும் வம்சத் தொடர்பு கற்பிக்க நான் முயலவில்லை. அப்படி நிரூபிப்பதில் ஆர்வம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் என்னும் பத்திரிகையின் பக்கங்களில், நம் பண்டிகைகளிலும் தெய்வங்களிலும் பாதிக்கு மேல் பௌத்தத்திலிருந்து வந்தவை என்று வாதித்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்காதவர்களும் அவர் கேட்ட கேள்விகளைத் தள்ளிவிட முடியவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவே: சங்கம் கலைந்தபின் இந்த ஜனங்களுக்குத் தங்கள் துக்கத்தைச் சற்றுத் தூரத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பாட்டுக்காரரும் கூத்தாடிகளும்.

ஏட்டுச் சுவடியில் உறங்கிய பௌத்தம் எழுந்ததற்கும் சேலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழுலகம் அறிந்ததே ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரைச் சந்தித்து, என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் புராணமுமாக அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சற்றும் வியப்படையாமல், அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்கத் தொடங்கினார். சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அந்த வழியில் சென்றதனால் 1898-இல் மணிமேகலையும் அச்சேறியது. சைவ வித்வானான ஐயருக்குப் பௌத்த பரிபாஷை தெரியாது. மளூர் ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து விளக்கி உதவ, அதைக் கொண்டு புத்த சரித்திரத்தையும் சேர்த்தெழுதி அவர் வெளியிட்டார். முதலியார் 1892-இலேயே காலமாகிவிட்டார். ஆபுத்திரனின் சிரிப்பை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மற்றொரு பௌத்த காவியமான குண்டலகேசி அவ்வளவு பாக்கியம் செய்ததன்று. நாதகுத்தனார் இயற்றிய அந்த நூலில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 செய்யுட்கள் மட்டுமே. கதையை நீலகேசி உரையிலிருந்தும் பாலி நூல்களிலிருந்தும் அறிகிறோம். வணிகர் குலத்துப் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவனை மாடத்திலிருந்து கண்டு காதலித்து, தந்தையின் செல்வாக்கால் அவனை மீட்டு மணந்துகொள்கிறாள். ஒரு நாள் ஊடலில், விளையாட்டாக, நீ கள்வன் அல்லவா என்று சொல்லிவிடுகிறாள். அவன் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை மனத்தில் வைத்துக்கொண்டு, மலையுச்சிக்கு அழைத்துச்சென்று, உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிறான். சாவதற்குமுன் உன்னை வலம்வந்து வணங்குகிறேன் என்று அவள் பின்னால் சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு உலகை வெறுத்து, சமயவாதம் செய்து பலரை வென்று, கடைசியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியாகிறாள். ஒரு பரிகாச வார்த்தை தவறிய இடத்திலிருந்து ஒரு காவியமே பிறந்திருக்கிறது. தன்னைப் பற்றிய சிரிப்பைத் தாங்க மாட்டாதவனோடு குடும்பம் நடத்துவதன் அபாயத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையை மறுபடி ஜனங்களிடம் கொண்டுசேர்த்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-இல் ஏற்காடு மலையடிவாரத்துக்குச் சமீபத்தில் நிறுவிய அந்தப் படக் கம்பெனி, மு. கருணாநிதி குண்டலகேசியைத் தழுவி எழுதிய மந்திரி குமாரியை 1950-இல் படமாக எடுத்தது, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினார்கள். எம். ஜி. ராமச்சந்திரன் வீரனாக நடித்திருந்தும், ஜனங்களின் நினைவில் பதிந்தது எஸ். ஏ. நடராஜன் மாதுரி தேவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சிதான். கொல்லப்போகிறவன் கூப்பிட, சாகப்போகிறவள் மகிழ்ந்து பின்தொடர, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டுக்கு ஜி. ராமநாதன் அமைத்த மெட்டு, கேட்பவர்களும் கூடவே மலையேறிவிடலாம் என்று எண்ணும்படி அவ்வளவு இனிமையாக வாய்த்துவிட்டது. ஆசை அழைக்கிற குரல் எவ்வளவு மதுரமானது என்பதைப் பௌத்த ஆசாரியர்கள் நூல் நூலாக எழுதி எச்சரித்தார்கள். இந்தப் பாட்டைக் கேட்டால் அவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது ஒருவாறு விளங்கும். கலியாண வீட்டு ஒலிபெருக்கியில், மணமகளை அழைத்துவரும் நேரத்தில், விஷயம் இன்னதென்று யோசியாமல் அதைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. குண்டலகேசியின் 19 செய்யுட்களோடு இருபதாவதாக இதையும் சேர்த்து எண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வித்வான்களுக்கு இருக்கலாம்.